காணிக்கைப் பாட்டின் மெட்டு

ஜெயஷீலாவின் வாய்க்குப் பயப்படாதவர்கள் எங்கள் சபையில் கிடையாது. திருவனந்தபுரத்தை ஒட்டிய நேமம் ஜங்ஷனில் அவள் தையல் கடை வைத்திருந்தாள். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்கப் போனால், டேப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, அளவை ரோட்டுக்கே கேட்கும்படி சொல்லுவாள். "ரத்னம், போன ஈஸ்டருக்குத் தச்சதுல இருந்து நல்லா கூடியிருக்கு, கேட்டியா. வீட்டுல வேற ஆருக்கும் சோறு குடுக்கதில்லியா?" பஸ்ஸுக்கு நிற்கிற ஆண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். மானம் கப்பலேறும். ஆனாலும் அடுத்த துணியையும் அவளிடமே கொண்டுபோவோம். அக்குளில் பிடிக்காமல் ஜாக்கெட் தைக்க அந்தப் பக்கத்தில் வேறு ஆள் கிடையாது.

நான்தான் அந்த ரத்னாபாய். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு மதில். அவள் மீன்காரனிடம் பேசுவது, போனில் பேசுவது, பூனையிடம் பேசுவது எல்லாம் என் அடுக்களையில் கேட்கும். எனக்கு அவளைப் பிடிக்கும் என்று அவள் நன்றாக இருந்த காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பாடகர் குழுவின் முன்வரிசையில் நிற்பாள். யாராவது சுருதி தப்பினால் ஆராதனை நடுவிலேயே திரும்பி முறைப்பாள். பிரசங்கம் நீண்டால் பாட்டுப் புத்தகத்தைப் பட்டென்று மூடுவாள். போதகர் அடுத்த நிமிடம் ஆமென் சொல்லிவிடுவார். அவள் கணவர் ராஜையன் தலைமைச் செயலகத்தில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் சபையின் செயலாளர். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. அவர் பெண்டாட்டியை அடித்தார், வைதார் என்று ஒருவரும் சொல்ல முடியாது. நாலு பேர் முன்னால் தலை குனிய நேர்ந்தால் மட்டும் அந்த மனிதருக்குத் தாங்காது. அதை நல்ல குணம் என்றுதான் நாங்களும் எண்ணியிருந்தோம்.

கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சியின் நடுவில் ஜெயஷீலா சரிந்து விழுந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது வலது கையும் வலது காலும் விளங்கவில்லை. நாள்போக்கில் ஒருவர் தாங்கிப் பிடித்தால் நாலடி நடந்தாள். ஆனால் பேச்சு போயே போய்விட்டது. மிஞ்சியது 'பின்ன' என்ற ஒரு சொல். பசித்தாலும் பின்ன, வலித்தாலும் பின்ன, விசிறியைப் போடச் சொன்னாலும் பின்ன. சொல்ல வந்தது வேறு என்று அவளுக்கே தெரியும். தன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து விழும்போது அவள் முகம் போகிற போக்கைப் பார்க்கச் சகிக்காது.

அடுத்தவர் சொல்வதெல்லாம் அவளுக்கு நன்றாகப் புரிந்தது. அதைத்தான் யாரும் நம்பவில்லை. பார்க்க வந்த பெண்கள் செவிட்டுக்குச் சொல்வதுபோல் கத்திப் பேசினார்கள், பிறகு அவள் கட்டிலருகிலேயே உட்கார்ந்துகொண்டு அவளைப் பற்றிப் பேசினார்கள். "எந்த வாயாக்கும் இருந்தது! கர்த்தர் ஒரே அடியில பூட்டிட்டாரே." ஜாக்கெட் அளவு சொல்லிச் சந்தி சிரிக்க வைத்ததற்கெல்லாம் பழிதீர்ந்த திருப்தி அவர்கள் முகத்தில் இருந்தது. ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அந்தத் திருப்தியோடு வீட்டுக்குப் போனார்கள்.

அவளுக்குப் பெரிய பாடு மூத்திரம்தான். வரும்போது தெரியும், அடக்கவும் முடியும். ஆனால் 'பின்ன, பின்ன' என்று கூப்பிட்டால் ராஜையன் தண்ணீர் கொடுப்பார், தலையணையை மாற்றுவார், பேப்பர் படித்துக்காட்டுவார். கடைசியில் சேலை நனையும். நனைந்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விடுவார். வேலைக்காரி வரும்வரை அவள் அதிலேயே கிடப்பாள். அழுகிற சத்தம் மதிலைத் தாண்டி வரும், நான் ஓடுவேன்.

அப்படி இருக்கையில் ஒருநாள் அவர்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்தது. நாங்கள் பாட்டு எடுத்தோம். கட்டிலிலிருந்து ஜெயஷீலா கூடவே பாடினாள், முழுப் பாட்டும், ஒரு சொல் பிசகாமல். எல்லோரும் அதிசயம் அதிசயம் என்று அழுதோம். போதகர் முழங்காலிட்டார். பாட்டு முடிந்ததும் ராஜையன் ஓடிப்போய், "ஜெயா, எனக்க பேரச் சொல்லு" என்றார். அவள் வாயைத் திறந்தாள். "பின்ன" என்றாள்.

டாக்டர் இதைக் கேட்டு வியக்கவில்லை. மூளையில் இந்த இடத்தில் அடிபட்டவர்களில் பலருக்கு இப்படி இருக்கும் என்று சொல்லி, தம்பானூர் பக்கம் ஒரு மறுவாழ்வு மையத்தில் வேலைபார்த்த லிபியிடம் அனுப்பினார். லிபி பாறசாலைக்காரி. சென்னையில் இசை சிகிச்சை படித்தவள். இந்த வேலையைச் சொன்னால் எல்லோரும் அவளிடம் எந்த ராகம் கேட்டால் சர்க்கரை குறையும் என்றுதான் கேட்பார்களாம். "புல்லாங்குழல் சிடி போட்டுட்டு தூங்க வைக்கதுன்னு நெனைக்காங்க மாமி" என்று என்னிடம் சிரித்தாள். உண்மையில் அவள் செய்வது முதுகு ஒடிகிற வேலை. கால் தடுமாறுகிறவர்களைத் தாளத்துக்கு நடக்க வைப்பாள், பேசாத குழந்தைகளோடு மேளம் தட்டிக்கொண்டே மணிக்கணக்கில் காத்திருப்பாள்.

ஜெயஷீலாவுக்காக அவள் வாரம் மூன்று நாள் வீட்டுக்கே வந்தாள். "பேச்சு போற வழி அடஞ்சு கெடக்கு. பாட்டு வேற வழியா வருது. அந்த வழியில பேச்சையும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக் கொண்டுவரணும், அவ்வளவுதான் சார்" என்று ராஜையனுக்கு விளக்கினாள். வேலை இப்படி: ஒரு சின்ன வாக்கியத்தை எடுத்து, மேலே ஒரு சுரம் கீழே ஒரு சுரம் என்று இரண்டே சுரத்தில் இழுத்து முனகுவாள். ஜெயஷீலாவின் இடது கையைப் பிடித்து ஒவ்வொரு அசைக்கும் கட்டில் விளிம்பில் ஒரு தட்டு தட்டுவாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து பாடுவார்கள். பிறகு லிபி பாதியில் குரலை விட்டுவிடுவாள், மீதியை அவள் முடிக்க வேண்டும். நாள்பட நாள்பட சுரம் தேய்ந்து வெறும் பேச்சாகிவிடும். படித்தவர்கள் கண்டுபிடித்த வழி, பலருக்குப் பலித்த வழி.

முதலில் எந்த வாக்கியம் வேண்டும் என்று லிபி அவளையே கேட்டாள். படங்கள் போட்ட அட்டைகளைப் பரப்பி வைத்தாள். சோறு, தண்ணீர், மருந்து, புருஷன், பிள்ளை எல்லாம் இருந்தது. ஜெயஷீலா ஒன்றையும் தொடாமல் குளியலறைக் கதவைக் கையால் காட்டினாள். லிபி "பாத்ரூம் போகணும்" என்று ஆரம்பித்தாள். ஜெயஷீலா தலையை ஆட்டி மறுத்தாள். அது அவள் பாஷை இல்லை. லிபி வேறு விதமாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்து, கடைசியில் "மூத்திரம் முட்டுது, பெட்டெண்ணு வாங்க" என்றதும் அவள் வாய் கோணலாகச் சிரித்தது. அதுதான் அவள் பேச்சு; சீக்கிரம் என்பதற்கு எங்கள் பக்கத்தில் பெட்டெண்ணு என்போம். பழைய ஜெயஷீலா அந்தச் சிரிப்பில் இருந்தாள்.

ஆனால் இரண்டு சுரம் பலிக்கவில்லை. வாரக்கணக்கில் தட்டினார்கள். 'மூ' என்று தொடங்குவதற்குள் 'பின்ன' குறுக்கே வந்து விழும். ஜெயஷீலா தன் இடது கையாலேயே வாயில் அடித்துக்கொண்டாள். லிபிக்கும் பொறுமை போயிற்று. அப்போதுதான் அந்தப் பெண் ஒரு காரியம் செய்தாள்.

எங்கள் சபைகளில் மெட்டு என்பது பொதுச்சொத்து. பாட்டுப் புத்தகத்தில் பாதிப் பாட்டுகளுக்கு மேலே, இன்ன பாட்டின் மெட்டு என்றுதான் போட்டிருக்கும். பெண்கள் ஐக்கியத்தில் பழைய மெட்டுக்குப் புது வார்த்தை கட்டுவதற்குப் போட்டியே நடக்கும். பாத்திரம் கழுவுவதற்கும் பாட்டுக் கட்டியவர்கள் நாங்கள். லிபி அந்த ஐக்கியக் கூட்டங்களில் தாயின் மடியிலிருந்து வளர்ந்தவள். நோயாளிக்கு ஏற்கெனவே மனப்பாடமான மெட்டில் புது வார்த்தையை ஏற்றாதே, இரண்டும் பின்னிக்கொள்ளும், பிரிக்க முடியாது என்று சென்னையில் அவளுக்குச் சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். நம் ஆட்களுக்கு இது பழக்கம்தானே என்று நினைத்துவிட்டாள். நானும் பக்கத்தில் இருந்தேன், எனக்கும் அதில் ஒன்றும் தோன்றவில்லை. எங்களில் யாருக்கும் தோன்றியிருக்காது.

ஞாயிறுதோறும் காணிக்கைத் தட்டு வரும்போது பாடுகிற நாலு வரிப் பாட்டு ஒன்று எங்களுக்கு உண்டு. எந்தக் காலத்திலோ சபையின் பாட்டு வாத்தியார் ஒருவர் கட்டியது. ஜெயஷீலா வாழ்நாளெல்லாம் பாடியது. அந்த மெட்டில் லிபி வாக்கியத்தைப் போட்டாள். இரண்டாம் நாளே, "மூத்திரம் முட்டுது, பெட்டெண்ணு வாங்க" என்று ஜெயஷீலா கணீரென்று பாடினாள். ராஜையன் பாதிச் சவரத்தில் ஓடிவந்து அவளைத் தூக்கி நடத்திக்கொண்டு போனார். சேலை நனையவில்லை. திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து, லிபியின் கையைப் பிடித்து அவள் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

அந்த மாதங்களில் மதிலுக்கு இந்தப் பக்கம் எனக்கு அந்தப் பாட்டு கேட்டுக்கொண்டே இருந்தது. ராஜையனுக்கும் சந்தோஷம். "எந்தக் கோலமானாலும் கொள்ளாம், சத்தம் வந்தா போரும்" என்றார். அதைப் பிடித்துக்கொண்டு வேறு சொற்களும் வரத் தொடங்கின. வேண்டாம், தா, வலிக்குது. ஒருநாள் என்னைப் பார்த்து மெட்டே இல்லாமல் "ரத்னம்" என்றாள். இப்படியே விடாமல் போனால் வருஷத்துக்குள் சின்னச் சின்னதாகப் பேசுவாள் என்று லிபி சொன்னாள். நடுவில் மட்டும் நிறுத்திவிடக் கூடாது, நிறுத்தினால் வந்ததும் போகும் என்றும் சொன்னாள்.

அறுப்பின் பண்டிகை வந்தது. வாழைக்குலையும் மரச்சீனிக் கிழங்கும் கோழியும் ஆலயத்தில் கொண்டு குவிப்பார்கள். பக்கத்துச் சபைகளிலிருந்தும் ஆள் வரும். ராஜையன் அன்று ஜெயஷீலாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாட வைக்கத் தீர்மானித்தார். வியாதி வந்தபிறகு அவள் ஆலயத்துக்குப் போனதே இல்லை. லிபியும் போகட்டும் நல்லதுதான் என்றாள், எந்தப் பாட்டு என்று கேட்கவில்லை. பாடகர் குழுவின் அங்கியை மாட்டி, சக்கர நாற்காலியில் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பவுடர் போட்டு, தலையில் பிச்சிப்பூ வைத்து நான்தான் ஒருக்கினேன். ராஜையன் மைக்கில், "ஊமையாயிருந்த எனக்க மனைவிக்குக் கர்த்தர் நாவைத் திரும்பத் தந்தார். காணிக்கைப் பாட்டை அவ தனியா பாடுவா" என்றார். அவர் குரல் தழுதழுத்தது. அது நடிப்பில்லை.

கீபோர்டில் மெட்டு எழும்பியது. ஜெயஷீலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். மைக்கை வாயருகே பிடித்தார்கள். "மூத்திரம் முட்டுது, பெட்டெண்ணு வாங்க" என்று ஆலயம் நிறையப் பாடினாள்.

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. ஜெயஷீலாவுக்கு முதலில் விளங்கியது. அவள் நிறுத்தி, தலையை உதறிவிட்டு, அடுத்த வரியில் சரியான வார்த்தையைப் பிடிக்கப் பார்த்தாள். மெட்டு அவளை விடவில்லை. அதே வாக்கியம்தான் வந்தது, முன்னிலும் சத்தமாக. இளைஞர்கள் பெஞ்சில் ஒருவன் கெக்கலித்தான். அப்புறம் பெண்கள் பக்கம். அப்புறம் ஆலயமே. கீபோர்டுக்காரன் குனிந்த தலை நிமிராமல் அடுத்த அடிக்குப் போனான். அவளும் போனாள், கண்ணீர் கொட்டக் கொட்ட, ஒவ்வொரு வரியிலும் திருத்தப் பார்த்து, ஒவ்வொரு வரியிலும் அதையே பாடிக்கொண்டு. சிலர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். கர்த்தரின் வீட்டில் உட்கார்ந்திருந்த கூட்டம் அது. எனக்கு ஓங்கி அறையலாம் போலிருந்தது.

ராஜையன் பாடகர் மேடைப் படியேறிப் போய், எல்லோரும் பார்க்க, அவள் வாயைக் கையால் பொத்தினார்.

இரண்டு பெண்கள் உண்மையிலேயே அவசரம் என்று நினைத்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்னால் இருந்த கழிப்பறைக்கு ஓடினார்கள். அவள் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டியதை யார் பார்த்தார்கள்? அங்கியைத் தூக்கி உட்கார வைத்தார்கள். அவர்களில் ஒருத்தியை அவள் இடது கையால் அடித்தாள். அடி வாங்கியவள், "உபகாரம் செய்யப் போனா அடிக்கா. புத்தி பெசகிப் போச்சு" என்று வெளியே சொன்னாள். அன்றைக்கே அந்தப் பேச்சு ஊர் முழுக்கப் பரவியது. வீடியோ அதைவிட வேகமாகப் போயிற்று. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் அந்த வரியைப் பாடிக்கொண்டு பந்து விளையாடினார்கள்.

அடுத்த வாரம் லிபி வந்தபோது ராஜையன் கேட் கொண்டியைத் திறக்கவில்லை. அவள் என் வீட்டுக்கு வந்து அழுதாள். இரண்டு நாள் கழித்து மதியச் சோற்றுக்குப் பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு நானே போனேன். என்னைப் பார்த்து அவர் வேறு வழியில்லாமல் திறந்தார். முன்னறையில் உட்கார வைத்தார். ஜெயஷீலாவின் அறைக்கதவு சாத்தியிருந்தது.

"சார், தப்பு என்னுடையதாக்கும். மாமிக்கது இல்ல. நான் அந்த மெட்டத் தொட்டிருக்கப்பிடாது" என்றாள் லிபி. "இனி ஒரு பாட்டுக்கும் சேராம, வெறும் ரெண்டு சுரத்துல புதுசா செய்வேன். இப்ப நின்னா வந்த வார்த்தையும் போயிரும் சார்."

"போட்டு" என்றார் ராஜையன்.

"சார்?"

"போனா போட்டுன்னு சொன்னேன். மோளே, நான் காணிக்கத் தட்ட எடுத்துட்டு நடந்தா பயலுக வாயப் பொத்திச் சிரிக்கானுவ. என்னப் பாத்து இதுவரைக்கும் ஒருத்தனும் சிரிச்சது கெடயாது. இந்த வீட்டுல இனி பாட்டு வேண்டாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணே, சிரிச்சவனுவள விட்டுட்டு அவளுக்க வாயையா அடைக்கது? அவ என்ன தப்பு செய்தா?"

"ரத்னம், இது எங்க குடும்பக் காரியம். நீ சும்மா இரி."

"அவங்களுக்கு எல்லாம் தெளிவா புரியுது சார்" என்று லிபி கெஞ்சினாள். "பாட விடலன்னா அவங்க எப்படிக் கேப்பாங்க?"

ராஜையன் எழுந்து சுவர் அலமாரியைத் திறந்தார். பெரியவர்களுக்கான டயப்பர் பாக்கெட்டுகள், விளிம்பு பிசகாமல் மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுவரை அடுக்கியிருந்தன. "இனி கேக்காண்டாமே" என்றார். குரலில் கோபமே இல்லை. நல்ல ஏற்பாடு செய்துவிட்ட மனிதரின் குரல். "காலையும் சாயங்காலமும் ஹோம்நர்ஸ் வந்து மாத்துவா. அவளுக்கும் கஷ்டமில்ல, எனக்கும் நாணக்கேடில்ல."

"அவங்க நடந்து போறாங்களே சார். அவங்களுக்கு இது தேவையே இல்லியே."

அப்போது உள்ளே பாட்டுக் கேட்டது. "மூத்திரம் முட்டுது, பெட்டெண்ணு வாங்க." எங்கள் குரல் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். லிபி சட்டென்று எழுந்தாள். ராஜையன் கையைக் காட்டித் தடுத்தார்.

"இரி. டயப்பர் கெட்டியிருக்கு. அது அதிலயே போய்க்கோளும்."

இரண்டாம் தடவை இன்னும் பலமாக வந்தது, கட்டில் விளிம்பில் இடது கை ஒவ்வொரு அசைக்கும் தட்டிக்கொண்டு. லிபி சொல்லிக் கொடுத்ததில் ஒன்றுகூட அவள் விடவில்லை. நான் கதவுக்குப் போனேன், பூட்டியிருந்தது. "தெறயும் அண்ணே" என்று கத்தினேன். ராஜையன் ரிமோட்டை எடுத்து டிவியைப் போட்டு, சத்தத்தைக் கூட்டினார். செய்திச் சேனலில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். அதற்கு நடுவே மூன்றாம் தடவை தொடங்கி, பாதியில் உடைந்தது. கொஞ்ச நேரம் தட்டுகிற சத்தம் மட்டும் வந்தது. அதுவும் நின்றது.

ராஜையன் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு லிபியைப் பார்த்து, அன்போடுதான், "கண்டியா மோளே, நின்னுட்டு" என்றார். "இப்படி ரெண்டு நாள் பாடுவா. பின்னீடு பழகிரும்."